ஒட்டின கன்னக் கத்தி

எண்பதுகளில் பிறந்தவர்களே, ஊசியில் நூல் கோக்க இப்போது பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இன்றைய பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் பாதியிலேயே கைபேசியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுக்க எப்படிப் படுத்தது, பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினால் போர்வைக்குள் எப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம் என்பதெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் செம்பைச் சாய்க்கும்போது குனிந்து பார்ப்பேன். கடைக்காரர் எடை போட்டால் தட்டின் அடியில் எட்டிப் பார்ப்பேன். அம்மா இதற்காகவே என் தலையில் குட்டுவாள். அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் என்னைப் போலவே எல்லோரும் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். யாராவது புதுச் சட்டை போட்டால் எங்கே கிடைத்தது என்று நாலு வீட்டில் பேச்சு நடக்கும்.

கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு இறங்கும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. நைனா விசைப்படகில் டிரைவர். அங்கே படகைப் போட்டு என்பார்கள், அதை ஓட்டுகிறவரை டிரைவர் என்பார்கள். படகு வேறொருவருடையது. அவரை ஓனர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அவர் பெண்டாட்டி உட்பட. எங்களோடு நைனாவின் தம்பியும் இருந்தார். என் சித்தப்பா. குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆண்பிள்ளை அவர். சின்ன வயதில் ஒருமுறை படகில் ஏற்றி, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்து, அதோடு விட்டுவிட்டார்கள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அவர் சட்டையில் சூடான இரும்பின் வாசனை வரும். எங்கள் வீட்டின் மீன் வாசனைக்கு நடுவே அது தனியாகத் தெரியும்.

பட்டறையில் மெஷின் ரம்பத்தின் பிளேடு உடைந்தால் அந்தத் துண்டைச் சித்தப்பா கேட்டு வாங்கிக்கொள்வார். அது வெறும் தகடு இல்லை, இரும்பையே அறுக்கிற இரும்பு. அதைச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துக் கத்தியாக்கி, பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து எண்ணெய் விட்ட கல்லில் தீட்டுவார். கடைசியில் ஒரு பழைய தோல் பெல்ட்டில் இழுப்பார். கல்லில் கரகரவென்று இருக்கும் சத்தம் தோலுக்கு வந்ததும் அடங்கிவிடும். அவர் பேச ஆரம்பிப்பது அப்போதுதான். யாரிடம் என்றில்லை, எதிரே போகிற ஆடு கேட்டாலும் போதும்.

கத்திக்கு முகம் உண்டு என்பார். கூர் என்பது வெறும் உதடு. உதட்டுக்கு மேலே இருக்கிற கன்னம்தான் அந்தக் கத்தி எந்த வேலைக்குப் பிறந்தது என்று சொல்லும். சக்கரத்தின் வளைவிலேயே இரண்டு பக்கமும் குழியவிட்டால் ஒட்டின கன்னம். உதடு காகிதம் போல மெல்லிசாக வரும். மீன் தோலை உரிக்க அதற்கு ஈடில்லை, ஆனால் ஒரு மணல் பட்டால் போதும், உதட்டில் சில்லு பெயர்ந்து பல் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் பூரித்து நின்றால் உப்பின கன்னம். எண்ணூர்க் கழிமுகத்தில் சிப்பி உடைக்கிறவர்கள், கட்டை பிளக்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். எவ்வளவு முரட்டு வேலை கொடுத்தாலும் தாங்கும். முதுகிலிருந்து உதடு வரை நேராக இறங்கினால் நேர் கன்னம். அது எல்லா வேலைக்கும் ஒத்துவரும், எதிலும் முதல் மார்க் வாங்காது. கயிறு அறுக்கிற கத்தியை மட்டும் தோலில் இழுக்கவே கூடாது என்பார். மழமழப்பு கயிற்றுக்கு ஆகாது, முரட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, சொரசொரப்பாக விட்டுவிட வேண்டும், அந்தச் சின்னச் சின்னப் பற்கள்தான் நாரைக் கடிக்கும் என்பது அவர் கட்சி. படகுக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் கத்தி மொண்ணையானால் துறைமுகச் சுவரிலேயே தேய்த்துக்கொள்வார்கள். துறைமுகம் முழுக்க அத்தனை கத்திகளும் சொரசொரப்புதான்.

சித்தப்பா தனக்கென்று ஒன்று வைத்திருந்தார். ஒட்டின கன்னக் கத்தி. கண்ணாடி மாதிரி மின்னும். முன்கையில் வைத்து மெதுவாகத் தள்ளினால் மயிர் உதிரும். அவருடைய இடது முன்கை எப்போதும் குழந்தையின் கை போல வழவழப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

சந்துக்கு இது பிடிக்கவில்லை. வடசென்னையில் ஒருவன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டினால் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? எதிர்வீட்டு அத்தை தன் பெண்ணை எங்கள் வாசல் வழியாகத் தண்ணீருக்கு அனுப்புவதை நிறுத்தினாள். கோயில் திருவிழா நெருங்கியபோது ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் நின்று, கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தப்பா உள்ளே போய் ஒரு வஞ்சிர மீனைக் கொண்டுவந்து, தோலை ஒரே இழுப்பில் உரித்துக் காட்டினார். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. மீன் வெட்டுகிறவனுக்கு முடி வெட்டுகிற கத்தி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி சந்து முழுக்கப் பரவியது. எனக்கே நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அன்றிலிருந்து நான் சித்தப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். யார் யார் வந்து கத்தி வாங்குகிறார்கள், எதைச் சுற்றிக் கொடுக்கிறார், அவர் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறார் என்று எல்லாம்.

அந்த ஐப்பசியில் ஓனருக்கும் சித்தப்பாவுக்கும் வாய்த்தகராறு வந்தது. ஓனர் தன் படகுக்குக் கத்தி கேட்டிருந்தார். சித்தப்பா கயிற்றுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று இரண்டு விதமாகச் செய்து கொண்டுபோய், எதை எதற்கு எடுக்கக் கூடாது என்று படகுத்துறையில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். கடலுக்கு வராத பையன் தனக்குப் பாடம் எடுப்பதா என்று ஓனர் அந்தக் கத்திகளைத் தண்ணீரில் விட்டெறிந்தார். சித்தப்பா திரும்பி வந்து, இந்தாளு போட்டு ஒரு நாள் நடுக்கடல்ல மாட்டிகினு முழிக்கும் பாரு என்று சொன்னார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. அந்த மாதிரி நாட்களில் டிரைவருக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. கரையில் இருக்கும் இரும்பு முளையிலிருந்து படகுக்குப் போகிற கயிறு, சுவரின் விளிம்பில் உரசும். படகு ஆட ஆட அந்த இடம் தேயும். அங்கே சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும். சாக்கு நைந்தால் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் எவ்வளவு தடிமனான நைலான் கயிறும் நாராகிவிடும். சாக்கு சுற்றாத டிரைவரை அதற்கப்புறம் எந்த ஓனரும் படகில் ஏற்றமாட்டார். கயிற்றைப் பார்க்கத் தெரியாதவன் கையில் கப்பலைக் கொடுப்பார்களா?

நைனாவுக்கு அந்த வாரம் காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தே கிடந்தார்.

ஒரு விடியற்காலையில் கதவை யாரோ தட்டி, படகு கழன்றுவிட்டது, பாறையில் போய் மோதிக் கிடக்கிறது என்றார்கள். நைனா மழையிலேயே ஓடினார். நான் மறுபடி தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. சித்தப்பா மூலையில் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். நைனா இல்லை. அடுப்புப் பக்கம் அம்மா நின்று, சித்தப்பாவின் கத்தியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவருடைய கத்திகளைத் தொடவேமாட்டாள். கை வெட்டிக்கொள்வோம் என்று பயம். ஏன் துடைக்கிறாய் என்று கேட்டேன். அம்மா சடாரென்று திரும்பினாள். வாய மூடிகினு படு என்றாள். கத்தியைப் பரணில் வைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ராத்திரி சித்தப்பா எழுந்து போயிருக்கிறார், கயிற்றை அறுத்திருக்கிறார், அம்மா அவரைக் காப்பாற்றுகிறாள். கண்காணித்தது வீண் போகவில்லை என்று ஒரு பெருமைகூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மத்தியானம் மழை விட்டதும் வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம் கூடியது. நடுவில் படகுக்காரர்களின் பெரியவர் ஒருவர். அந்தப் பக்கம் எந்தத் தகராறு என்றாலும் அவர் சொல்வதுதான் முடிவு. நாங்கள் பிள்ளைகள் வலை மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். அறுத்துவிட்டார்கள் என்று முதலில் சொன்னது நைனாதான். கரை முளையில் மிச்சமிருந்த கயிற்றின் முனையை அவிழ்த்துக் கொண்டுவந்து பெரியவர் கையில் கொடுத்ததும் அவர்தான். பெரியவர் அந்த முனையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். பிரி ஒவ்வொன்றும் ஒரே மட்டமாக, வெண்ணெயை வெட்டினாற்போல இருந்தது.

“சீவி வெச்சா மாதிரி கீது. இது போட்டுக் கத்தி இல்ல,” என்றார்.

அவர் சொன்னது சரிதான். சுவரில் தேய்த்த கத்தி அறுத்தால் முனையில் சின்னதாகப் பிசிறு நிற்கும். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அப்படியானால் மழமழவென்று தீட்டின கத்தி யாரிடம் இருக்கிறது? யாரும் பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஓனர், முந்தின வாரத் தகராறை எடுத்துச் சொன்னார். எதிர்வீட்டு அத்தையின் புருஷன், போலீஸ்காரர் கேட்ட கேள்வியை எடுத்துச் சொன்னார். வேலைக்குப் போயிருந்த சித்தப்பாவைக் கூட்டிவர ஆள் போனது. கத்தியை நைனாவே வீட்டிலிருந்து எடுத்து வந்தார்.

பெரியவர் கத்தியைத் தன் முன்கையில் வைத்துத் தள்ளினார். மயிர் உதிர்ந்தது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பிறகு வெளிச்சத்தில் உதட்டை உயர்த்திப் பார்த்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். நடுவில் பல் ஒன்று உடைந்திருந்தது. கயிற்றில் இருந்த மணலில் பட்டால் ஒட்டின கன்னத்துக்கு வருகிற அதே சேதம். கத்தி இதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சித்தப்பா வந்து நின்றார். கத்தியையும் கயிற்று முனையையும் அவரிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் உதட்டைப் பார்த்தார், உடைந்த பல்லை நகத்தால் தொட்டார். பிறகு கயிற்றின் வெட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் எனக்குத் தெரிந்த எந்த உணர்ச்சியும் இல்லை. தலையை நிமிர்த்தி நைனாவைப் பார்த்தார். நைனா வலைக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தி என்னுது தான்,” என்றார் சித்தப்பா.

“அறுத்தது?” என்று பெரியவர் கேட்டார்.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. பேசாமலிருப்பதையே ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போவதில்லை, ஆனால் இனிமேல் அவன் துறைமுகத்துக்குள்ளும் இந்தச் சந்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. ஓனர் நைனாவின் தோளைத் தட்டி, தம்பி செய்ததற்கு நீ என்ன பண்ணுவாய், படகைச் சரி செய்ததும் வந்து ஓட்டு என்றார். அன்று சாயங்காலமே சித்தப்பா ஒரு துணிப்பையோடு கிளம்பினார். அவருக்குக் காலடிப்பேட்டையில் ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள், அதுவும் நின்றுபோனது. அம்மா ஒரு தூக்குச்சட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டார். நைனா வெளியே வரவில்லை, காய்ச்சல் என்றார்கள்.

மறுநாள் படகைப் பாறையிலிருந்து இழுத்துக் கரையேற்றினார்கள். பிள்ளைகள் நாங்கள் சுற்றிச் சுற்றி ஓடினோம். படகின் மூக்கிலிருந்து அறுந்த கயிற்றின் இன்னொரு பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி விரிந்து, பழைய துடைப்பம் மாதிரி, ஒரு பிரி நீளம் ஒரு பிரி குட்டையாகக் கலைந்து கிடந்தது. நான் அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், தாடி குத்துவதுபோல் குத்தியது. பெரியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. வழக்குதான் முடிந்துவிட்டதே. சந்தேகப் பிராணியான எனக்கும் அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிற்பாடு யாரோ அந்தக் கயிற்றை வெட்டிக் குப்பையில் போட்டார்கள்.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். என் மகன் கல்லூரிச் சிநேகிதர்களோடு மலை ஏறப் போகிறேன், நாகலாபுரம் பக்கம் காட்டில் கூடாரம் போடப் போகிறேன் என்று ஒரு கத்தி வாங்கி வந்தான். எந்தக் கத்திக்கு எந்த முகம், எதை எப்படித் தீட்டுவது என்று கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். குழிந்த முகம், பூரித்த முகம், நேர் முகம். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த ஆள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பேசுவதாகவே இருந்தது. மகன் தீட்டின கத்தியால் கூடாரக் கயிற்றை ஒரு பலகையில் வைத்து வெட்டினான். முனை ஒரே மட்டமாக, வெண்ணெயை வெட்டினாற்போல வந்தது. பிறகு என் பழைய அரிவாளை எடுத்து வெட்டச் சொன்னேன். கொஞ்சம் பிசிறோடு வந்தது. இரண்டு தடவையும் வெட்டின இடத்தில் இரண்டு பக்கத்து முனைகளும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின.

அம்மா, ஏன் உட்காந்துட்ட என்று மகன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

எந்தக் கத்தியாலும் ஒரு பக்கம் வெண்ணெயாகவும் மறுபக்கம் துடைப்பமாகவும் வெட்ட முடியாது. அந்தக் கயிற்றை யாரும் அறுக்கவில்லை. சாக்கு இல்லாமல், சுவரில் தேய்ந்து, தானே அறுந்தது. விடியற்காலையில் முதலில் ஓடிப்போனவர் முளையில் தொங்கின துடைப்பத்தைப் பார்த்திருக்கிறார். அவருடைய கத்தி படகோடு பாறையில் கிடந்தது. வீட்டுக்கு வந்து, கைக்குக் கிடைத்த கத்தியை எடுத்துப்போய், அந்த முனையைச் சீவிவிட்டு, கத்தியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பெரியவரின் சோதனை கத்தியைச் சரியாகத்தான் கண்டுபிடித்தது, பிடித்திருந்த கையை விட்டுவிட்டது. சித்தப்பாவுக்குத் தன் கத்தியின் வெட்டு தெரியாதா? பார்த்த உடனே தெரிந்திருக்கும். அதை எடுக்கக்கூடியவர் வீட்டில் யார் என்பதும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போனேன். கழிமுகத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் சித்தப்பா சிப்பிக்காரர்களுக்கும் நண்டு பிடிக்கிறவர்களுக்கும் கத்தி செய்து கொடுக்கிறார் என்று எல்லோரையும் போல எனக்கும் தெரியும். போனதில்லை, அவ்வளவுதான். தலை நரைத்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை அடையாளம் கண்டு டீ வாங்கி வரச் சொன்னார். நான் கேட்க நினைத்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே கேட்டார், அண்ணன் வேலையை விடுகிற வரைக்கும் அதே படகைத்தான் ஓட்டினாரா என்று. ஆமாம் என்றேன். அப்ப சரி என்று தலையாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்ம சந்து வீட்டுக்கு ஒரு முறை வாங்க சித்தப்பா என்றேன்.

“கால் வெக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா. வெக்கலாம்னு இன்னும் யாரும் வந்து சொல்லலியே,” என்றார். குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை, பஸ் வரவில்லை என்பது போலச் சொன்னார்.

அங்கிருந்து நேராகச் சந்துக்கு, நைனா வீட்டுக்குத்தான் போனேன். அவர் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீக்கம், கொஞ்ச காலமாக வெளியே போவதில்லை. எங்கே போய்விட்டு வருகிறாய் என்றார். சொன்னேன். கத்தியைப் பற்றி ஏதாவது பேசினானா என்று கேட்டார். அத்தனை வருஷம் கழித்து முதல் கேள்வி அது. இல்லை என்றேன், சித்தப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். நைனா வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

“அத சொன்ன பெரியவரு போயிட்டாரு. ஓனரும் போயிட்டாரு. இப்ப யாரு போயி அத மாத்துறது?” என்றார்.

“நீதான், நைனா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அம்மா வந்தாள். அவள் கையில் நைனாவின் வெள்ளைச் சட்டை இருந்தது.

“எந்திரிய்யா,” என்றாள். “தொடச்சது நானு. நானும் வரேன்.”

நைனா அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சட்டையின் எந்தப் பக்கம் எந்தக் கை என்று தெரியாமல் அவர் தடுமாற, அம்மா பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.